யாருக்கான சொகுசு? ஃபோர்டு எஃப்-150 வண்டியை முன்வைத்து ஒரு மறுப்புரை

ஆய்வு மாணவர் வட்டத்தில் அண்மையில் ஒரு விவாதம் எழுந்தது. 2021 மாதிரி ஆண்டுக்காக மறுவடிவமைக்கப்பட்ட ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி, 'பயனரை மையப்படுத்திய வடிவமைப்பு' என்பதற்கு மிகச் சிறந்த சான்று என்றார் ஒருவர். அமெரிக்க ஆணின் அகந்தைக்கு நான்கு சக்கரம் பூட்டினால் கிடைக்கும் உருவமே அது என்றார் மற்றொருவர். முன்னவர் பொறியாளர்; பின்னவர் பண்பாட்டு ஆய்வாளர். இருவரும் ஒருவரையொருவர் மறுப்பதாக நினைத்தார்கள். உண்மையில் இருவரும் ஒரே அடித்தளத்தில்தான் நின்றார்கள். வாங்குபவரின் விருப்பமே இந்த வண்டியைப் படைத்தது என்பது அந்த அடித்தளம். ஒருவர் அவ்விருப்பத்தைப் போற்றினார், மற்றவர் இகழ்ந்தார். அந்த அடித்தளமே தவறு என்பது என் வாதம். இது சற்று நீண்ட பதிவு. பொறுமையோடு வாசிக்கக் கோருகிறேன்.

முதலில் வண்டிக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் பிக்கப்பாக இருந்து வருகிறது. 2020 ஜூனில் அறிமுகமான மறுவடிவத்தின் ஹைப்ரிட் வகையில், 3.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 430 குதிரைத்திறனையும் ஏறக்குறைய 773 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகின்றன. உரிய சாதனங்கள் பொருத்தினால் ஐந்தரை டன்னுக்கும் மேற்பட்ட இழுவண்டியை அது இழுக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் கியர் லீவர் தானே மடிந்து படுத்துக்கொள்கிறது; அதன்மேல் 15 அங்குல மடிக்கணினி வைக்கத்தக்க மேசை விரிகிறது. உயர்விலை வகைகளில் முன்னிருக்கைகள் ஏறக்குறைய 180 பாகை சாய்ந்து படுக்கையாகின்றன. பின்கதவை இறக்கினால் அதில் அளவுகோல் பொறிக்கப்பட்டிருக்கிறது, பென்சில் வைக்க இடமும் பலகையைப் பிடிப்பியால் இறுக்க வசதியும் உண்டு. ஹைப்ரிட் வகை 2.4 கிலோவாட் மின்சாரத்தை வெளியே தரும். கூடுதல் விலைக்கு 7.2 கிலோவாட் வரை தரும்.

இவற்றில் எதுவும் வெற்று அலங்காரம் அன்று. வண்டிக்குள்ளேயே மதிய உணவு உண்டு, வண்டிக்குள்ளேயே கணக்கெழுதி, அடுத்த வேலைக்கு முன் அரை மணி நேரம் கண்ணயரும் ஒரு கட்டடத் தொழிலாளியின் நாளை உற்றுநோக்கியவர்கள்தாம் இதை வடிவமைத்திருக்க முடியும். அந்தக் கவனத்தை நான் மதிக்கிறேன். என் கேள்வி, அந்தக் கவனம் எந்த எல்லையில் நின்றுவிட்டது என்பது.

வண்டியின் உடலை அளந்து பார்ப்போம். பரவலாக விற்கும் வடிவம் நான்கு முழுக்கதவு கேபினும் ஐந்தரை அடிச் சரக்குத் தட்டும் கொண்டது. அதன் மொத்த நீளம் 5.88 மீட்டர். தட்டின் நீளம் ஏறக்குறைய 1.7 மீட்டர். அதாவது, 'சரக்கு வண்டி' என்ற பெயரில் சாலையில் செல்லும் இந்த உடலில் சரக்குக்கு உரிய பங்கு மூன்றில் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கக் கட்டடத் தொழிலின் அடிப்படை அலகு எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகை. அந்தப் பலகையைப் படுக்க வைத்துப் பின்கதவை மூட இந்த வண்டியில் முடியாது. எட்டடித் தட்டு கொண்ட எஃப்-150 இன்றும் விற்கிறது. ஆனால் அது நான்கு முழுக்கதவு கேபினோடு வராது. சொகுசும் சுமையும் ஒரே நீளத்துக்காகப் போட்டியிட்டன, சொகுசு வென்றது.

ஸ்ட்ராடஜிக் விஷன் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் தரவுகள் 2019இல் பொதுவெளிக்கு வந்தன. அவற்றின்படி பிக்கப் உரிமையாளர்களில் 75 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதனினும் குறைவாகவோதான் எதையேனும் இழுத்துச் செல்கிறார்கள். 35 விழுக்காட்டினர் தட்டில் சுமை ஏற்றுவதே ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இல்லை. தச்சரும் உழவரும் பண்ணையாளரும் உண்மையாகவே இதனால் பயன்பெறுகிறார்கள். அவர்களைக் காட்டித்தான் இவ்வண்டி விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால் அவர்களுடைய தேவை மட்டும் இந்த விற்பனையை விளக்காது.

'தேவை இல்லையென்றால் விருப்பம். மக்கள் விரும்புகிறார்கள், நிறுவனம் தருகிறது' என்பது அடுத்த விடை. இங்கேதான் பொறியாளரும் பண்பாட்டு ஆய்வாளரும் கைகோக்கிறார்கள். இருவருமே பார்க்க மறந்தவை மூன்று சட்ட ஏற்பாடுகள்.

முதலாவது, கோழி வரி. 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அமெரிக்கக் கோழி இறைச்சி மீது வரியை உயர்த்தின. பதிலடியாக லிண்டன் ஜான்சன் அரசு, 1964 முதல் நடைமுறைக்கு வரும்படி, இறக்குமதியாகும் இலகு சரக்கு வண்டிகள் மீது 25 விழுக்காடு தீர்வை விதித்தது. கோழிச் சண்டையை உலகம் மறந்துவிட்டது, வண்டி மீதான தீர்வை நீடிக்கிறது. காருக்கு நெடுங்காலம் இருந்த தீர்வை 2.5 விழுக்காடு. உலகின் பிற பகுதிகளில் உழைக்கும் சிறிய, மலிவான பிக்கப்கள் அமெரிக்கச் சாலைக்கு வராமல் தடுத்த மதில் இதுவே. இந்த மதிலின் வலிமையை ஃபோர்டு நிறுவனமே நன்கறியும். துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்னிருக்கைகளோடு 'பயணிகள் வண்டி' என இறக்குமதி செய்து, சுங்கம் கடந்தபின் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக்கிய வழக்கில், 2024இல் அந்நிறுவனம் 365 மில்லியன் டாலர் செலுத்தச் சம்மதித்தது.

இரண்டாவது, எரிபொருள் சிக்கன விதி. 1973 எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1975இல் இயற்றப்பட்ட சட்டம் காருக்கு ஓர் அளவையும் 'இலகு டிரக்'குக்கு வேறோர் அளவையும் வகுக்க இடமளித்தது. 1990களின் பிற்பகுதியில் காருக்குக் காலனுக்கு 27.5 மைல், டிரக்குக்கு 20.7 மைல். 2011 மாதிரி ஆண்டிலிருந்து இலக்கு வண்டியின் பரப்பைப் பொறுத்து அமைந்தது. நான்கு சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பு பெரியதானால் எட்ட வேண்டிய இலக்கு எளிதாகும். சிறிய பிக்கப் ஒன்றைச் சிக்கனமாகச் செய்வதைவிடப் பெரியதாகச் செய்வது சட்டப்படி இலகுவானது.

மூன்றாவது, வருமான வரி. தொழிலுக்கென வாங்கும் காரின் தேய்மானக் கழிவுக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஆண்டு உச்சவரம்பு உண்டு. சுமையோடு சேர்த்த எடைத் தகுதி 6,000 பவுண்டைத் தாண்டும் வண்டிக்கு அந்த உச்சவரம்பு பொருந்தாது. ஆகவே மருத்துவரும் கணக்கரும் வீட்டுமனைத் தரகரும் கனமான வண்டி வாங்க அரசே தூண்டுகோலாக நிற்கிறது.

இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. 2006 வரவு செலவுத் திட்டம் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. அதன்பின் நம் சாலைகளில் வால் நறுக்கப்பட்ட செடான்கள் பெருகின. வாலில்லாக் காரை இந்தியர் விரும்பியதாக எவரும் பண்பாட்டு ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. நான்கு மீட்டர் என்ற எண்ணைத்தான் அந்த உடல்களில் வாசித்தோம். நம் கார்களில் வரிச்சட்டத்தை வாசிக்கத் தெரிந்த நாம், அமெரிக்க வண்டியைப் பார்த்ததும் அதில் 'தேசிய மனநிலை'யைத் தேடுவது ஏன்?

விருப்பவாதிகளுக்கு இன்னொரு சான்று. ஃபோர்டின் சிறிய பிக்கப்பான ரேஞ்சரின் அமெரிக்க உற்பத்தி 2011இல் நிறுத்தப்பட்டது. 2019இல் அதே பெயர் திரும்பி வந்தபோது வண்டி நடுத்தர அளவுக்கு வளர்ந்திருந்தது. ஏறக்குறைய பத்தாண்டுகள் சிறிய அமெரிக்கப் பிக்கப் என ஒன்று கடையில் இல்லை. இல்லாததை எவரும் வாங்கவில்லை. வாங்காததால் 'மக்கள் விரும்பவில்லை' என்று எழுதப்பட்டது. பிறகு 2022 மாதிரி ஆண்டுக்கு அதே நிறுவனம் மேவரிக் என்னும் சிறிய ஹைப்ரிட் பிக்கப்பைத் தொடக்க விலை 20,000 டாலருக்குள் வெளியிட்டது. 191 குதிரைத்திறன், நாலரை அடித் தட்டு, காலனுக்கு ஒருங்கிணைந்த கணக்கில் 37 மைல். எஃப்-150 ஹைப்ரிட்டின் நான்கு சக்கர இயக்க வகை தருவது 24 மைல். என்ன நடந்தது? 2022 ஜனவரியிலேயே அவ்வாண்டுக்கான முன்பதிவை நிறுவனம் நிறுத்த நேர்ந்தது. வந்த ஆணைகளுக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. விருப்பம் என்பது கடையில் அடுக்கிவைக்கப்பட்டவற்றுக்குள்தான் தெரிவு செய்கிறது. அடுக்குபவரையும் அடுக்கச் சொன்ன சட்டத்தையும் விட்டுவிட்டு விருப்பத்தை மட்டும் ஆராய்வது அரை ஆய்வு.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். இந்த வண்டியின் சொகுசு அனைத்தும் கண்ணாடிக்கு உள்ளே அளக்கப்படுகிறது. இருக்கையின் சாய்வு, திரையின் அங்குலம், கேபினின் அமைதி என்று எல்லாமே உள்ளிருப்பவருக்கானவை. அமைதியைப் பற்றி ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். வெளியோசையை அடக்கக் கண்ணாடியையும் காப்புப் பொருளையும் தடிப்பாக்கிவிட்டு, டர்போ எஞ்சினின் உறுமல் மெலிந்துவிட்டது என்பதற்காக அதை ஒலிபெருக்கி வழியே கூட்டித் தரும் ஏற்பாடு எஃப்-150 வண்டியில் இருந்ததை 2015இலேயே அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுதின. உழைப்பின் ஓசைகூட உள்ளிருப்பவரின் செவிக்காகவே இசையமைக்கப்படுகிறது.

கண்ணாடிக்கு வெளியே நிற்பவரை யார் அளந்தார்கள்? அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம், காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் அமைப்பு, 2023 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏறக்குறைய 18,000 பாதசாரி விபத்துகளை அது எடுத்துக்கொண்டது. பானெட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒரு மீட்டருக்கும் மேல், உயர்ந்த வண்டிகள், 30 அங்குலத்துக்குள் அடங்கிச் சரிந்த முகப்புடைய வண்டிகளைவிடப் பாதசாரியின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 45 விழுக்காடு மிகுதி என்பது அதன் முடிவு. காரணம் எளிய இயற்பியல். தாழ்ந்த கார் காலில் மோதுகிறது. உடல் பானெட்டின் மேல் சரிகிறது. உயர்ந்த முகப்பு மார்பிலும் இடுப்பிலும் மோதி உடலைத் தரையில் வீழ்த்துகிறது. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 108 செ.மீ. அந்தக் குழந்தைக்கு முகப்பின் விளிம்பு கழுத்துக்கும் தலைக்கும் எதிரே நிற்கிறது.

அமெரிக்காவில் 2009இல் சாலையில் இறந்த பாதசாரிகள் ஏறக்குறைய 4,100 பேர். 2022இல் அந்த எண்ணிக்கை 7,500ஐ எட்டியது. இந்த உயர்வு முழுவதையும் பிக்கப்பின் மீது சுமத்த மாட்டேன். சாலை வடிவமைப்பு, வேகம், கைப்பேசி, தெருவிளக்கு இல்லாமை ஆகிய அனைத்துக்கும் பங்குண்டு. ஆனால் அதே காலத்தில் வண்டிக்குள் இருப்பவரின் பாதுகாப்பு தொடர்ந்து மேம்பட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் யூரோ என்கேப் தேர்வு 1997 முதலே பாதசாரிக்கு நேரும் காயத்தையும் மதிப்பிட்டு வெளியிடுகிறது. அமெரிக்க அரசின் ஐந்து நட்சத்திர மதிப்பீடோ பல பத்தாண்டுகளாக முன்மோதல், பக்கமோதல், கவிழ்தல் என்ற மூன்றையே எண்ணியது. மூன்றிலும் காயப்படுபவர் உள்ளிருப்பவர். ஐந்து நட்சத்திரமும் அவருக்கே.

பெரிய எஞ்சினுக்கும் கனமான இழுவைக்கும் பெரிய ரேடியேட்டர் வேண்டும், அதற்கு உயர்ந்த முகப்பு வேண்டும் என்று பொறியாளர்கள் மறுப்பார்கள். ஒரு பங்கு உண்மைதான். ஆனால் ஃபோர்டின் முழு அளவு டிரான்சிட் வேனிலும் 3.5 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் கிடைக்கிறது. அதன் மூக்கோ குட்டையானது, சரிந்தது. அந்த வேன் எஃப்-150 அளவுக்கு இழுக்காது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இழுக்காதவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் சந்தையில், அந்த இழுவைக்கான முகப்பை எல்லார் வண்டியிலும் நிறுத்துவது பொறியியல் கட்டாயம் அன்று.

தானியங்கித் தடை எல்லா வகையிலும் உண்டே என்பது அடுத்த மறுப்பு. உண்டு, பாதசாரியைக் கண்டறியும் அவசரத் தடை 2021 எஃப்-150 வண்டியில் கூடுதல் விலையின்றியே வருகிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் மேற்சொன்ன கழகமே 2022இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, இத்தகைய தடை பாதசாரி விபத்துகளை ஒட்டுமொத்தத்தில் 27 விழுக்காடு குறைப்பதாகவும், தெருவிளக்கற்ற இருட்டில் அதனால் வேறுபாடே தென்படவில்லை என்றும் கண்டது. அமெரிக்கப் பாதசாரி மரணங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருட்டில் நிகழ்கிறது. முகப்பை உயர்த்திப் பார்வையை மறைத்துவிட்டு, மறைந்ததைக் காட்டச் சுற்றுக் கேமராவை உயர்விலை வகைகளில் விற்பதைப் 'பாதுகாப்புச் சொகுசு' என்று அழைக்கிறோம். பார்வை என்பது ஓட்டுநரின் உரிமை அன்று. எதிரே நடப்பவருக்கு ஓட்டுநர் செலுத்த வேண்டிய கடன். கடனைக் கூடுதல் வசதியாக விற்க முடியாது.

வெளியே நிற்பவர் பாதசாரி மட்டும் அல்லர். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கியது. 45 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். அப்போது எஃப்-150 ஹைப்ரிட் உரிமையாளர்கள் சிலர் வண்டியிலிருந்து கம்பி இழுத்து வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள். கையிருப்பில் உள்ள வண்டிகளை இரவல் தருமாறு டெக்சாஸ் முகவர்களை ஃபோர்டு கேட்டுக்கொண்டது. அந்த உதவி மெய்யானது. குளிரில் நடுங்கிய குடும்பத்துக்கு அது அரசியல் விவாதம் அன்று.

ஆனால் ஆய்வாளராக நாம் கேட்க வேண்டியது வேறு. டெக்சாஸின் மின்வலையமைப்பு கூட்டாட்சி ஒழுங்குமுறைக்கு உட்படாதிருக்க நெடுங்காலமாகத் தனித்து நிறுத்தப்பட்டது. அண்டை மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் பெற வழியில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பொது ஏற்பாடு தோற்ற இடத்தில் தனியார் வண்டி விளக்கேற்றியது. அந்த விளக்கு மறுநாளே விற்பனைக் காரணமாகவும் ஆயிற்று. பொதுவில் எல்லாருக்கும் கிடைக்க வேண்டியது, வாங்க முடிந்தவருக்குக் 'கூடுதல் அம்சம்' ஆவதே இந்த வண்டியின் ஆழ்ந்த தருக்கம். படுத்துறங்க நாற்காலி வண்டியில் வந்திருக்கிறது. தொழிலாளி வேலைத்தளத்தில் ஓய்வெடுக்க இடமும் நேரமும் தரும் ஏற்பாடு வந்திருக்கிறதா? கியர் லீவர் மடிந்து மேசையாகிறது. மேசையில் முடிய வேண்டிய அலுவலக வேலை ஏன் வண்டிக்குள் புகுந்தது என்று எந்த மதிப்புரை கேட்டது?

இந்த வண்டியின் இலாபக் கணக்கு நம்மைத் தொடவே இல்லை என்று எண்ண வேண்டாம். 2018 ஏப்ரலில் ஃபோர்டு வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடப் போவதாக அறிவித்தது. மூலதனம் இலாபம் மிகுந்த பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் திரும்பியது. சென்னைக்கு அருகே மறைமலை நகரில் செய்யப்பட்டு அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியான எகோஸ்போர்ட், அந்த வரிசையில் சிறியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பத்தாண்டுகளில் 2 பில்லியன் டாலருக்கு மேற்பட்ட இயக்க நட்டத்தைக் காரணம் காட்டியது. அந்த முடிவை ஒரே காரணத்தில் அடக்க இயலாது. இருந்தும், ஒரு நிறுவனத்தின் இலாபம் ஒரு நாட்டின் சட்டம் வளர்த்தெடுத்த பெரிய வண்டியில் குவியும்போது, சிறிய வண்டி செய்யும் தொழிலாளி எங்கிருந்தாலும் அந்தக் கணக்கின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார் என்பதை மறுக்க இயலாது.

எனவே இரு நண்பர்களுக்கும் என் விடை இது. 'பயனர்' என்ற சொல்லை வாங்குபவர் என்ற பொருளில் கையாளும்வரை, எஃப்-150 சிறந்த வடிவமைப்பாகவே தெரியும். ஆனால் வண்டியின் விளைவைச் சுமக்கும் ஒவ்வொருவரும் அதன் பயனரே, தெருவைக் கடக்கும் முதியவரும் சைக்கிளில் போகும் சிறுமியும் உட்பட. அவர்கள் கட்டணம் செலுத்தவில்லை, விலையைச் செலுத்துகிறார்கள். இதை அமெரிக்கரின் மூடத்தனம் என்று நகைத்து ஒதுக்குபவர் சட்டத்தைத் தப்பவிடுகிறார். மனநிலையைத் திருத்த எவராலும் தீர்மானம் இயற்ற முடியாது. தீர்வையையும் எடை வரம்பையும் பானெட்டின் உயரத்தையும் திருத்த முடியும். அவை மனிதர் எழுதிய எண்கள்.

வடிவமைப்பும் மேலாண்மையும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வண்டியின் அம்சப் பட்டியலை வகுப்பில் விரிக்கும்போது, ஒவ்வோர் அம்சத்துக்கும் எதிரே ஒரு வெற்றுக் கட்டம் வரையுங்கள். இந்த வசதியின் விலையைக் கண்ணாடிக்கு வெளியே யார் தருகிறார் என்று மாணவர்களே அதில் நிரப்பட்டும். நிரப்பியபின் மதிப்பெண் போடுங்கள். மேற்சொன்ன கணக்கில் பிழை காண்பவர்கள் தரவோடு வந்து மறுக்கலாம், வரவேற்கிறேன். 'மக்கள் விரும்புகிறார்கள்' என்ற ஒற்றை வரியோடு மட்டும் வர வேண்டாம்.